முதலில் முதுகைப் பாருங்கள்: பழைய ரத்தினக் கம்பளம் வாங்குவோர் கேள்வி பதில்

பாரசீகம், துருக்கி, காஷ்மீர் பக்கத்துப் பழங்கம்பளங்களை வீட்டுக்கு வாங்க நினைப்பவர்கள் கேட்டவை இவை. பதில்களில் பாவு என்றால் நீளவாட்டு நூல், ஊடை என்றால் குறுக்கு நூல், முடி என்றால் காலில் படும் கம்பளி.

கோவை: கடைக்காரர் எதைக் காட்டினாலும் 'ஹேண்ட்மேட்' என்கிறார். முடிச்சுப் போட்டு நெய்ததுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முடிச்சுப் போடாமல் துணியில் கம்பளியைக் குத்திச் செருகிய டஃப்டட் கம்பளத்தையும் கையால்தான் செய்கிறார்கள். அதனால் அவர் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. ஒரு மூலையைத் திருப்புங்கள். முதுகில் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட். துணிக்கு உள்ளே லேடக்ஸ் பசை இருக்கும். சில வருடங்களில் அது காய்ந்து, தூக்கும்போதெல்லாம் மாவாக உதிரும்.

முடிச்சுக் கம்பளத்தில் முன்பக்கப் பூவேலை முதுகிலும் அப்படியே தெரியும். குஞ்சம் என்பது பாவு நூலின் நுனி, கம்பளத்துக்குள்ளிருந்தே அது வர வேண்டும். தனியாகத் தைத்த குஞ்சம் சந்தேகத்துக்குரியது. ஆனால் பழைய குஞ்சம் தேய்ந்துபோய் மாற்றியும் தைத்திருப்பார்கள், எனவே அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். முடியை இரு கட்டைவிரலால் பிளந்து அடியைப் பாருங்கள். கைமுடிச்சில் கம்பளி இரண்டு பாவு நூல்களைச் சுற்றிக்கொண்டு நிற்கும். மெஷினில் சுற்று இருக்காது, 'ப' எழுத்தைப் போல வெறுமனே செருகி நிற்கும்.

பெங்களூரு: சதுர அங்குலத்துக்கு 400 முடிச்சு என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். முடிச்சு அதிகமானால் தரமும் அதிகம்தானே?

முதலில் எண்ணிக்கையே சரியா என்று பாருங்கள், பெரும்பாலான தகராறு அங்கேதான். ஒரு முடிச்சு இரண்டு பாவைச் சுற்றுவதால் முதுகில் அது அக்கம்பக்கமாக இரண்டு புடைப்பாகத் தெரியும். சில ஊர் நெசவில் ஒரு பாவு மற்றதன் பின்னால் அமுங்கிவிடும், அப்போது ஒரே புடைப்புதான். இரண்டு புடைப்பு தெரியும் கம்பளத்தில் புடைப்பையே முடிச்சாக எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகும்.

வடிவத்தின் ஓரத்தில் நெடுக்காக ஓடும் மிக மெல்லிய கோட்டைப் பிடியுங்கள். அதன் அகலம் எப்போதும் இரண்டு புடைப்பாகவே வந்தால், இரண்டு சேர்ந்துதான் ஒரு முடிச்சு. ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்கு எண்ணுங்கள். உதாரணமாக, அகலத்தில் 16 புடைப்பு, அதாவது 8 முடிச்சு. நீளத்தில் 9 வரிசை. ஆக 72. கடைக்காரர் கணக்கில் இது 144 ஆகியிருக்கும்.

எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் அதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ள புகழ்பெற்ற அர்தபீல் கம்பளத்துக்கே சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சுதான். வடமேற்கு ஈரானின் ஹெரீஸ் கம்பளங்களில் நூறுகூட வராது, ஆனால் ஆள் நடமாட்டமுள்ள ஹாலில் அவைதான் தாக்குப்பிடிக்கும். வளைவான கொடி, மெல்லிய பூ வேண்டுமென்றால் நெருக்கமான முடிச்சு தேவை. கோணமும் கட்டமுமான வடிவங்களுக்கு அது வேண்டியதில்லை. என் கணக்கில் கம்பளி நயத்துக்கும் சாயத்துக்கும் பிறகுதான் முடிச்சு எண்ணிக்கை.

டொராண்டோ: அண்ணை, இஞ்ச ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில கம்பளம் ஒண்டு பாத்தனான். மூலையில அரபு இலக்கத்தில 1320 எண்டு நெய்திருக்கு. நம்பலாமோ?

அது பெரும்பாலும் ஹிஜ்ரி ஆண்டு, அதாவது இஸ்லாமியச் சந்திர நாட்காட்டியின் ஆண்டு. 33ஆல் வகுத்து, வந்ததைக் கழித்து, 622 கூட்டுங்கள். 1320இல் 40 போனால் 1280, அதோடு 622 சேர்த்தால் 1902. அர்தபீல் கம்பளத்தில் 946 என்று இருக்கிறது, அது 1539-40.

ஆண்டு நெய்திருப்பதாலேயே நம்பிவிட வேண்டாம். பழைய கம்பளத்தைப் பார்த்து நெய்தவர்கள் ஆண்டையும் சேர்த்து நெய்துவிடுவது உண்டு. அரபு இலக்கத்தில் 2க்கும் 3க்கும் ஒரு பல்தான் வித்தியாசம். 13இல் உள்ள 3இன் பல்லை உருவி 12 ஆக்கினால் கம்பளத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வயது கூடிவிடும். அந்த இடத்தின் முதுகைப் பாருங்கள். சுற்றியுள்ளவற்றைவிட நாலைந்து முடிச்சுகள் மட்டும் தளர்ந்தோ, நிறம் பளிச்சென்றோ இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மதுரை: பார்த்து வைத்திருக்கும் கம்பளத்தில் சிவப்பு பாதியில் வேறு சிவப்பாக மாறுகிறது. குறையா?

குறுக்குவாட்டில் பட்டையாக மாறினால் அதற்கு 'அப்ராஷ்' என்று பெயர். ஒரு தடவை சாயம் போட்ட நூல் தீர்ந்து, அடுத்த தடவை போட்ட நூலில் நெய்ததன் அடையாளம். மஞ்சிட்டி இன வேர், அவுரி மாதிரியான இயற்கைச் சாயத்தில் இது சகஜம், பலர் இதைத் தேடியே வாங்குகிறார்கள்.

பார்க்க வேண்டியது முடியின் நுனிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை. நுனி வெளிறி, அடிக்குப் போகப் போக மெல்ல நிறம் ஏறினால் அது வெயிலும் வயதும் செய்தது. நுனியில் ஒரு நிறம், கோடு போட்டது போல அடியில் வேறு நிறம் என்றால் ரசாயனத்தில் வெளுத்தது, அல்லது மேலே வண்ணம் பூசியது. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின்மேலும் அரை நிமிடம் அழுத்துங்கள். துணியில் நிறம் இறங்கினால் விட்டுவிடுங்கள். முதல் துவைப்பிலேயே சிவப்பு வெள்ளையில் பரவிவிடும்.

இன்னொன்று: வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தது 1856இல். அடியில் கண்ணைப் பறிக்கும் ஊதாவும் நுனியில் சாம்பலுமாக இருந்தால், அந்தக் கம்பளம் அதற்குப் பிந்தையதுதான்.

திருச்சி: எந்தச் சேதம் இருந்தால் வாங்கலாம், எது இருந்தால் கூடாது?

முடி சமமாகத் தேய்ந்திருந்தால் வாங்கலாம். ஓரக்கரை பிரிந்திருந்தாலும் சரி, கட்டிக்கொள்ளலாம். வாங்கவே கூடாதது பாவு உளுத்துப்போனது. இரண்டு கையாலும் ஒரு பகுதியைப் பிடித்து மெதுவாக மடக்குங்கள். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தால் நூல் செத்துவிட்டது, எந்தத் தையலும் அதில் நிற்காது. வழக்கமான காரணம் மேலே வைத்த பூந்தொட்டி. ஒரே இடத்தில் ஈரம் தேங்கிப் பருத்திப் பாவை அழுகவைத்துவிடும்.

அடுத்து நான்கு பக்க பார்டரையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் குறுகியிருந்தால் வெட்டி ஒட்டியது, விலை பாதிக்கும் கீழே போக வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஓட்டைகள் நட்சத்திரமாகத் தெரியும். கிலிமுக்கு மட்டும் இந்தச் சோதனை ஒத்துவராது. பவானி ஜமக்காளம் போல முடி இல்லாத நெசவு அது. இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் நெடுக்காகக் கீறல் விட்டே பல கிலிம்களை நெய்கிறார்கள்.

மந்தைவெளி: சென்னை ஈரத்தில் கம்பளி தாங்குமா? பூச்சி வராதா?

தாங்கும். நம் வீடுகளில் பெரிய எதிரி தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்பதுதான். தரை முழுக்கக் காய்ந்த பிறகே கம்பளத்தை இறக்குங்கள். அடியில் ஃபெல்ட் விரிப்பு, நாலு பக்கமும் ஓர் அங்குலம் குறைவாக. பிவிசி விரிப்பு வேண்டாம், அது தரையில் கறையாக ஒட்டும்.

அந்துப்பூச்சியின் புழு வெளிச்சம் படாத இடத்தில்தான் தின்னும், அதாவது சோபாவுக்கு அடியில். மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தி, கம்பளத்தின் இரு பக்கமும் வேக்குவம் போடுங்கள். சுழலும் பிரஷ் கூடாது, குஞ்சத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. திறந்த ஹாலில் ரசகற்பூரம் போட்டுப் பயனில்லை. சின்னக் கம்பளமாக இருந்தால் பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுப் பிரியுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த கம்பளியில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

எடுத்து வைப்பதானால் உருட்டுங்கள், மடிக்காதீர்கள். ஊடையை இரும்பாக அடித்து இறுக்கிய பீஜார் கம்பளத்தை மடித்தால் பாவே முறியும்.

சேலம்: ஹால் 12க்கு 16 அடி. என்ன சைஸ்?

சுவரிலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டு அடி விட்டால் 9க்கு 12. சோபாவின் முன்கால்கள் மட்டும் கம்பளத்தில் ஏறினால் போதும். சாப்பாட்டு மேசைக்கு நாலு பக்கமும் இரண்டடி கூடுதல் வேண்டும், இல்லையென்றால் நாற்காலியை இழுக்கும்போது பின்கால் ஓரத்தில் தட்டும். பழைய பாரசீக அளவுகள் நம் ஹாலுக்கு அளந்து நெய்தவை அல்ல. 'தோசார்' ஏறக்குறைய நாலரைக்கு ஏழு அடி, 'கெனாரே' ஒடுங்கி நீளமாக ஓடும். ஹால் அளவுக்கு ஒரே கம்பளத்தைத் தேடி அலைவதைவிட இரண்டு தோசாரை அக்கம்பக்கம் போடுவது மலிவு.

நியூ ஜெர்சி: இந்தியாவிலோ துபாயிலோ வாங்கி இங்கே கொண்டுவரலாமா?

ஈரானில் நெய்ததென்றால் கூடாது. ஈரான் கம்பள இறக்குமதிக்கு 2016இல் திறந்த வழியை அமெரிக்கா 2018 ஆகஸ்டில் மூடிவிட்டது. ஏற்கனவே அங்கே இருப்பதை உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம். இந்தியாவிலிருந்து என்றால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயது தாண்டிய கம்பளம் தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வயது குறைந்ததென்றால் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

சென்னை: ஒரே நீலமாக, பழைய வடிவம் மங்கலாகத் தெரியும் 'ஓவர்டை' விண்டேஜ் வாங்கலாமா?

அழகுக்காக வாங்குங்கள், முதலீடு என்று வாங்காதீர்கள். முடியை ஒட்டச் சிரைத்து, வெளுத்து, மறுபடி சாயத்தில் முக்கியது அது. உயிர் ஏற்கனவே பாதி போயிருக்கும். படுக்கையறைக்குச் சரி, வாசல் பக்கம் வேண்டாம்.

தஞ்சாவூர்: காபி கொட்டிவிட்டால்?

தேய்க்காதீர்கள். வெள்ளைத் துணியை மேலே அழுத்தி ஒற்றுங்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. பிறகு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி ஒற்றுங்கள். வெந்நீர், துணி சோப்புத்தூள், நீராவி மூன்றும் ஆகாது. மூலையைத் தூக்கி, அடியில் ஒரு ஸ்டூலைக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஃபேன் காற்று படவிடுங்கள். மேலே காய்ந்தாலும் முதுகைத் தொட்டுப் பார்க்காமல் இறக்க வேண்டாம்.