சைக்கிள் பொட்டம் பிறக்கெட் (கிராங்கைத் தாங்கும் அச்சும் பெயாரிங்கும்): கேள்வி பதில்

வெள்ளவத்தை: தினமும் மரைன் டிரைவில் ஓடுகிறேன் அண்ணா. கப்பும் (மரை போட்ட கிண்ணம்) போல்ஸும் (இரும்புக் குண்டுகள்) போட்ட பழைய வகை, சதுர அச்சுக் கார்ட்ரிட்ஜ், கப் வெளியே நிற்கும் 24 மில்லிமீற்றர் அச்சு, இந்த மூன்றில் எது கூடக் காலம் உழைக்கும்?

பராமரிக்காமல் ஓடுவதென்றால் கார்ட்ரிட்ஜ். அதன் பெயாரிங் இரண்டும் ஷெல்லுக்குள் (பிறேமில் அச்சுப் போகும் குழாய்), மூடிய உறைக்குள் இருப்பதால் மழை எளிதில் தொடாது. அட்ஜஸ்ட் பண்ண ஒன்றுமில்லை. ஆட்டம் வந்தால் முழுதாகத் தூக்கிப் போட்டுப் புதிது பூட்ட வேண்டியதுதான். வாங்க முன் ஷெல் அகலத்தையும் (68 அல்லது 73 மில்லிமீற்றர்) அச்சு நீளத்தையும் அளந்து பாருங்கள். 110க்குப் பதில் 122.5 பூட்டினால் செயின் நேர்கோட்டில் ஓடாது.

24 மில்லிமீற்றர் வகை விறைப்பானது, கழற்றச் சுலபம். ஆனால் பெயாரிங் ஷெல்லுக்கு வெளியே நிற்பதால் சேறும் உப்பும் நேரே சீலில் படும். அதைக் கொல்வது பெரும்பாலும் பூட்டியவர் கைதான். இடப்பக்கத்துப் பிளாஸ்ரிக் மூடிக்கு 0.7 முதல் 1.5 நியூட்டன் மீற்றர் போதும், அதாவது விரலால் இறுக்கும் அளவு. அதைப் பலங்கொண்டு முறுக்கினால் பெயாரிங் பக்கவாட்டில் நசிந்து சில மாதத்தில் கரகரக்கும். கிராங்கைப் பிடிக்கும் இரண்டு போல்டுக்கு 12 முதல் 14, கப்புக்கு 35 முதல் 50.

எதை வாங்கினாலும் மரைக்குக் கிறீஸ் பூசாமல் பூட்டாதீர்கள். கடற்காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு கழற்றப் போனால் கப்பின் பல்லுத்தான் வழுகும், மரை அசையாது.

கொட்டாஞ்சேனை: அப்பாவின் பழைய இரும்புச் சைக்கிள், கப்பும் போல்ஸும் போட்டது, கொட்டர் பின் வகை (கிராங்கை அச்சோடு பிடிப்பது ஆப்புப் போன்ற பின்). பிரித்துக் கிறீஸ் வைக்கலாமா?

தாராளமாக. ஒழுங்காகப் பராமரித்தால் இதுதான் எல்லாவற்றிலும் நீண்ட ஆயுள் உள்ளது, ஏனென்றால் தேய்வதை மட்டும் மாற்றலாம். பின்னின் நட்டை மரை நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்குக் கீழே தடித்த இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே பலமான அடி. முட்டுக் கொடுக்காமல் சின்னச் சின்னதாகத் தட்டினால் பின் வளையும், அந்த அடியெல்லாம் போல்ஸ் வழியாகக் கப்பில் பள்ளம் விழுத்தும்.

அடுத்து இடப்பக்க லொக்ரிங்கை (கப்பைப் பூட்டி வைக்கும் வளையம்), பிறகு அந்தப் பக்கக் கப்பைக் கழற்றுங்கள். வலது கப்பை விட்டுவிடுங்கள், உள்ளேயே துடைக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, கப்பிலும் அச்சில் போல்ஸ் ஓடும் கோனிலும் பள்ளம் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். போல்ஸ் பக்கத்துக்கு 11, கால் அங்குலம், எல்லாம் புதிது. பழசோடு புதிதைக் கலந்தால் பாரமெல்லாம் புதிதில் விழும். அச்சின் நீண்ட முனை செயின் பக்கம். கப்பைத் தாராளமாகக் கிறீஸால் நிரப்புங்கள். லொக்ரிங் இறுக்கும்போது கப்பை வேறு ஸ்பனரால் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் கூடவே சுழன்றுவிடும். பின் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும். பின்னை உள்ளே இறக்குவது சுத்தியல். நட் அதைப் பிடித்து வைக்க மட்டுமே. கொஞ்சம் ஓடியபின் இன்னொரு தடவை தட்டி இறுக்குங்கள்.

தெகிவளை: கார்ட்ரிட்ஜின் வலப்பக்கம் அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்பனரில் குழாய் மாட்டி இரண்டு பேர் இடஞ்சுழியாகத் திருகினோம்.

இரண்டு பேராகச் சேர்ந்து இறுக்கியிருக்கிறீர்கள். வலப்பக்கம் இடமரை, கழற்ற மணிக்கூட்டுத் திசையில் திருப்ப வேண்டும்.

பம்பலப்பிட்டி: இது எனக்கு விளங்கவில்லை. வலப்பக்கம் நின்று பார்த்தால் அச்சு மணிக்கூட்டுத் திசையில் சுழல்கிறது. உராய்வு கப்பையும் அதே பக்கம் இழுக்கும். இடமரை என்றால் கழன்று போகுமே! தலைகீழாகச் செய்துவிட்டார்களா?

நல்ல கேள்வி. உராய்வு நீங்கள் சொல்லும் பக்கம்தான் இழுக்கிறது, ஆனால் சுத்தமான பெயாரிங்கில் அது சொற்பம். அதை மீறி வேலை செய்வது மிதியின் பாரம். கப் ஷெல்லுக்குள் மயிரிழை அளவு தளர்வாகத்தான் இருக்கிறது. பாரம் சுற்றிச் சுற்றி வர, கப் ஷெல்லைத் தொடும் இடமும் சுற்றி நகர்கிறது. அப்போது கப் எதிர்த்திசையில் உருளும். ஒரு பென்சிலை மூடிய கைக்குள் தளர்வாகப் பிடித்து, வெளி நுனியை மணிக்கூட்டுத் திசையில் வட்டமாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் இடஞ்சுழியாகத் திரும்பும். இடமரையை அது இறுக்குகிறது.

பம்பலப்பிட்டி (மறுபடி): அப்படியானால் இத்தாலியப் பிறேம்களில் இரண்டு பக்கமும் வலமரையாமே?

ஆம், மரையின் விட்டம் 36 மில்லிமீற்றர், ஷெல் அகலம் 70. அதனால்தான் அவற்றின் வலது கப் கழன்று வருவதில் பேர்போனது. ஆனால் உங்கள் வாதத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பெயாரிங் முழுதாகச் சிறைப்பட்டால் அச்சு கப்பையும் சேர்த்து இழுக்கும், இடமரை கழன்றுவிடும். நல்ல பெயாரிங் உள்ளவரை நான் சொன்னது, செத்தபின் நீங்கள் சொன்னது.

கிருலப்பனை: பெடலில் இடப்பக்கம்தானே இடமரை?

அதே காரணம். அங்கே பாரம் ஒரே திசையில் நிற்க, கிராங்க் சுழல்கிறது. அதனால் பக்கம் மாறுகிறது.

மட்டக்குளி: எது சிறந்தது, கார்ட்ரிட்ஜா, வெளிக்கப்பா?

வெள்ளவத்தைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நுகேகொடை: கார்பன் பிறேம், அழுத்திப் பூட்டும் வகை. மிதித்தால் கிரீச் என்கிறது.

முதலில் பெடல், செயின்ரிங் போல்ட் இரண்டையும் கிறீஸ் வைத்தும், சீற் குழாயைக் கிறீஸ் இல்லாமல் கார்பனுக்கான பேஸ்ட் வைத்தும் இறுக்குங்கள். பாதிச் சத்தம் அங்கிருந்துதான். பிறகும் இருந்தால், மரை இல்லாமல் துளை அளவை மட்டும் நம்பும் அமைப்பின் குணம் அது. பிபி30 என்ற வகையென்றால் துளை 42 மில்லிமீற்றர், பிபி86 என்ற வகையென்றால் 41. துளை கொஞ்சம் பெரிதானாலும் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டாலும் பெயாரிங் துளைக்குள் அசையும். உரிய பிரஸ் கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். மரத்துண்டு வைத்துத் தட்டிப் பூட்ட விடாதீர்கள்.

வத்தளை: பின் கியர் பாய்கிறது.

இங்கே பொட்டம் பிறக்கெட் மட்டும்.

மருதானை: கார் கழுவும் இடத்தில் பைப் அடித்தால் சுத்தமாகிறதே, பிழையா?

பிழை. அந்த அமுக்கத்துக்கு எந்தச் சீலும் தாங்காது. சீலுக்குள் ஸ்பிரே அடிப்பதும் அப்படித்தான், உள்ளேயிருக்கும் கிறீஸைக் கரைத்துவிடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

கல்கிசை: மரைக்குக் கிறீஸ் பூசினால் தளர்ந்துவிடாதா? வலது கப் எந்தப் பக்கம் கழறும்?

தளராது. இரண்டாவது கேள்விக்கு, மேலே தெகிவளைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தெகிவளை (மறுபடி): கழன்றுவிட்டது அண்ணா! ஒரு கோப்பை துருத்தண்ணீர் ஊற்றியது.

அது கப் வழியாக வந்த தண்ணீர் அல்ல. சீற் குழாயின் வெட்டு வழியாக இறங்கி ஷெல்லில் தேங்கியது. சீற்றைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாக ஒரு இரவு வையுங்கள். ஷெல்லின் அடியில் துளை இருந்தால் கம்பியால் குத்தி அடைப்பை எடுங்கள். மரையைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கிறீஸ் பூசி, புதியதை முதலில் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை குறுக்கே விழுந்திருக்கிறது, ஸ்பனரைத் தொடாமல் மறுபடி கழற்றுங்கள்.