எருசலேமில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: யூதர்கள் இயேசுவை மேசியாவாக, அதாவது கடவுள் அனுப்புவதாகச் சொன்ன மீட்பராக, ஏற்பதில்லை. அப்படியிருக்க எருசலேம் மட்டும் எப்படி யூதர், கிறிஸ்தவர் இரு தரப்புக்கும் புனித நகரம் ஆனது? அங்கே போய் இவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?

பதில்: இயேசு எருசலேமுக்குப் போனதே யூதராகத்தான், அதிலிருந்தே தொடங்கலாம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் கொண்டாடும் பஸ்கா பண்டிகைக்கு ஆண்டுதோறும் அவருடைய பெற்றோர் அங்கே போவார்கள். 12 வயதில் அவரும் கூடப் போய், அவர்களுக்குத் தெரியாமல் அங்கேயே தங்கிவிட, மூன்று நாள் கழித்து ஆலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள் என்கிறது லூக்கா நற்செய்தி. சிலுவையில் அறையப்பட்டதும் ஒரு பஸ்கா சமயத்தில்தான். முதலில் அது யூதர்களின் ஊர், அந்த ஊருக்குள்தான் கிறிஸ்தவர்களின் கதை நடக்கிறது.

யூதர்களுக்கு அந்த இடமே முக்கியம். ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் தாவீது அரசர் அதைத் தலைநகராக்கினார், மகன் சாலொமோன் ஆலயம் கட்டினார். அவர்களுடைய முன்னோர் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலையும் அதுவே என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த ஆலயத்தைக் கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் இடித்தார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களின் குரல்தான் பைபிளில் வரும் 137ஆம் சங்கீதம் (பாடல்): "எருசலேமே, நான் உன்னை மறந்தால் என் வலதுகை தன் தொழிலை மறப்பதாக." திரும்பி வந்து கட்டினார்கள், பின்னால் ரோமர்களுக்குக் கீழ் ஆண்ட ஏரோது மன்னன் அதைப் பிரம்மாண்டமாக்கினான், கி.பி. 70இல் ரோமர்கள் அதையும் அழித்தார்கள். அதற்கப்புறம் இன்றுவரை ஆலயம் இல்லை. மலைமேல் இப்போது இருப்பவை முஸ்லிம்களுக்குப் புனிதமான பாறைக் குவிமாடமும் அல்அக்ஸா மசூதியும்.

அழுகைச் சுவர் என்று நாம் கேள்விப்படுகிறோமே, அது ஆலயத்தின் சுவர்கூட இல்லை. ஆலயம் நின்ற மேடை சரியாமல் இருக்க ஏரோது காலத்தில் எழுப்பிய தாங்குசுவர், அவ்வளவுதான். அதில் நெற்றியை வைத்து ஜெபிக்கிறார்கள், வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கல் இடுக்கில் செருகுகிறார்கள். இடுக்கு நிறைந்துபோகும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை அந்தச் சீட்டுகளை எடுப்பார்கள். ஆனால் குப்பையில் போடுவதில்லை, ஒலிவ மலையில் புதைக்கிறார்கள். எனக்கு மனதைத் தொடும் விஷயம் இது. உலகில் எங்கிருந்தாலும் அந்தத் திசை நோக்கி ஜெபிப்பது, கல்யாணத்தில் மாப்பிள்ளை கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பது, பஸ்கா விருந்து முடிவில் "அடுத்த ஆண்டு எருசலேமில்" என்று சொல்வது, எல்லாமே அந்த இழப்பை மறக்காமல் இருக்கத்தான்.

கிறிஸ்தவர்களுக்கு இப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் கிடையாது. சமாரியர் தொழுத மலை என்றோ யூதர் தொழுத எருசலேம் என்றோ இல்லாமல் ஆவியோடும் உண்மையோடும் தொழுகிற காலம் வருகிறது என்று சமாரியப் பெண்ணிடம் இயேசுவே சொல்லிவிட்டார். அப்புறம் ஏன் போகிறார்கள் என்றால், அவர் பாடுபட்டு, மரித்து, உயிர்த்தெழுந்தது அங்கே என்பதால். அவர் பிடிபட்ட கெத்செமனே தோட்டம், சிலுவை சுமந்து நடந்ததாகச் சொல்லப்படும் சிலுவைப் பாதை, கடைசியில் அவருடைய கல்லறை இருந்ததாக நம்பப்படும் திருக்கல்லறைத் தேவாலயம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டுவித்து 335இல் அர்ப்பணிக்கப்பட்ட இடம் அது, பிறகு இடிந்தும் எழுந்தும் இன்றைய உருவத்துக்கு வந்தது. உள்ளே நுழைந்ததும், இயேசுவின் உடலை அடக்கத்துக்குத் தயார் செய்ததை நினைவுகூரும் ஒரு கல் தரையோடு கிடக்கும். அதன்மேல் எண்ணெய் ஊற்றிக் கைக்குட்டையால் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். ஆறு கிறிஸ்தவச் சபைகள் பங்கிட்டு வழிபடும் அந்தக் கோயிலின் சாவி, தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது.

எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்களே. கல்லறைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும், நாலைந்து பேருக்கு மேல் நிற்க முடியாது. உள்ளே ஒரு பளிங்குப் பலகை, அதன்மேல் ஒன்றும் இல்லை. "அவர் இங்கே இல்லை" என்று தூதன் சொன்னதாகச் சுவிசேஷத்தில் வருகிறதே, அந்தக் காலி இடத்தைப் பார்க்கத்தான் அத்தனை நீள வரிசை. வெளியே வந்து பழைய நகரத்துச் சந்துகள் வழியாகக் கால் மணி நேரம் நடந்தால் யூதர்களின் அந்த அழுகைச் சுவருக்கே போய்விடலாம்.