பெலோஷிப்புக்குக் கொம்பனிக் காசு: வந்த கேள்விகளில் சில

2025 தை மாதம் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததிலிருந்து பெலோஷிப் (வெளிநாட்டில் சில மாதம் படிக்க, பயிற்சி பெறத் தரும் உதவித்தொகை) பற்றி எனக்கு வரும் கேள்விகளின் சாயலே மாறிவிட்டது. முன்பு "எந்தத் தூதரகத்துக்கு எழுதுவது" என்று கேட்டவர்கள் இப்போது "எந்தக் கொம்பனி தரும்" என்று கேட்கிறார்கள். அண்மையில் வந்தவற்றில் ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: சுன்னாகத்தில் ஒரு சிறிய பெண்கள் அமைப்பின் இணைப்பாளர் நான். பெலோஷிப்புக்குப் போக விமானச் செலவு கேட்டுப் பத்துக் கொம்பனிகளுக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. எங்கே பிழை?

தங்கச்சி, கடிதத்தையும் இணைத்து அனுப்பியது நல்லது. விமானச் செலவைக் கேட்டதுதான் முதல் பிழை. செவனிங் புலமைப்பரிசில் என்றால் கல்விக் கட்டணம், டிக்கெட், மாதச் செலவு எல்லாம் பிரித்தானிய அரசு பார்த்துக்கொள்கிறது. 1978இல் தொடங்கிய ஹம்ப்ரி பெலோஷிப் அமெரிக்க அரசின் காசில் நடக்கிறது, றோட்டரியின் சமாதான பெலோஷிப்புக்கு றோட்டரி அறக்கட்டளை தருகிறது. இவற்றில் தெரிவானால் டிக்கெட்டுக்கு யாரிடமும் கை நீட்டத் தேவையில்லை, அது கொம்பனிக்காரருக்கும் தெரியும், கூகிளில் அரை நிமிட வேலை.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. பத்து மாதம் நீங்கள் இல்லாவிட்டால் உங்கள் கதிரையில் யார் இருப்பது? பிரதேச செயலகக் கூட்டத்துக்கு யார் போவது, காசோலையில் யார் கையெழுத்து வைப்பது? அந்த ஆளின் சம்பளத்தை நான் மேலே சொன்ன மூன்றும் தராது. அதைக் கேளுங்கள்.

அடுத்தது கடிதம். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கமும் போரும் இடப்பெயர்வும், மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் "தங்களால் இயன்ற உதவியை". கொழும்பில் ஒரு நாளில் இப்படி நாற்பது கடிதம் பிரிக்கிற பிள்ளை அந்த வரிவரை வரவே மாட்டாள், வந்தாலும் "இயன்றது" என்ற இடத்தில் எந்தத் தொகையைப் போடுவாள்? ஒரு பக்கம் போதும். "பதில் இணைப்பாளருக்கு மாதம் 60,000 ரூபா, பத்து மாதம், மொத்தம் 6 இலட்சம்" என்று முதல் பந்தியிலேயே வரட்டும். போர்க்கதை சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது கணக்குக்குப் பின்னால் வரட்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். நான் பெலோஷிப்புக்குப் போயிருந்த வருடம் ஒரு கொம்பனி என் பதில் ஆளின் சம்பளத்தைத் தருவதாகத் தொலைபேசியில் சொன்னது. மூன்று மாதம் வந்தது. பிறகு அங்கே முகாமையாளர் மாறினார், புதியவருக்கு அப்படி ஒரு விடயமே தெரியாது. எழுத்தில் ஒன்றும் இல்லை, நான் எதைக் காட்டுவது? என் இடத்தில் இருந்த அக்கா மிச்ச மாதங்களைச் சம்பளமில்லாமல் ஓட்டியிருக்கிறா, நான் ஸ்கைப்பில் கேட்கும்போதெல்லாம் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்றுதான் சொன்னா. திரும்பி வந்து கணக்குப் புத்தகத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்க உடன்படிக்கை இல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

கேள்வி: கொம்பனிகள் இலாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று யூடியூபில் பார்த்தேன். சட்டத்தைக் காட்டிக் கேட்கலாமா?

தம்பி, நீங்கள் பார்த்தது தமிழ்நாட்டு வீடியோ. அது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், 135ஆம் பிரிவு. அங்கேயும் எல்லாக் கொம்பனிக்கும் இல்லை. நிகர இலாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி என்ற அளவுகளில் ஒன்றையாவது தொட்டவைக்குத்தான். அந்தக் காசை, விளையாட்டு வீரர் பயிற்சி தவிர, இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கவும் முடியாது. இலங்கையில் அப்படி ஒரு கட்டாயமே இல்லை. இங்கே தருபவர் விரும்பித்தான் தருகிறார், சட்டம் பேசினால் கதவு மூடிவிடும்.

கேள்வி: எங்கள் அமைப்பு கடனில் மாட்டிய பெண்களுடன் வேலை செய்கிறது. ஒரு நிதி நிறுவனம் என் பெலோஷிப்புக்கு அனுசரணை தர முன்வந்திருக்கிறது. வாங்கலாமா?

இந்தக் கேள்வியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்த நிறுவனம் உங்கள் பெண்களுக்குக் கிழமைக் கடன் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொடுக்கிறது என்றால் வேண்டாம். 2018இல் அரசே வரட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்யும் நிலைக்கு வந்த ஊர் இது. கடன் சேகரிக்க மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நிற்கிற பொடியனின் சட்டையில் உள்ள அதே சின்னம் உங்கள் பெலோஷிப் படத்திலும் இருந்தால், அந்தப் பெண் அடுத்த தடவை உங்களிடம் வாய் திறப்பாளா? காசு நல்ல காசாகவே இருக்கலாம், உங்களால் அந்த வீட்டுத் திண்ணையில் பிறகு இருக்க முடியாது.

கடன் கொடுக்கவில்லை, லீசிங் மட்டும்தான் என்றால் உங்கள் நிர்வாக சபையில் வைத்துப் பேசி, கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு வாங்குங்கள். மதுபானம், சிகரெட் கொம்பனி என்றால் பேச்சுக்கே இடமில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் அனுசரணையில் கை வைக்கிறது.

கேள்வி: தருகிற கொம்பனி பதிலுக்கு என்ன எதிர்பார்க்கும்?

படம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரிகள் பெலோஷிப்புக்குக் காசு போடுவது பழைய வழக்கம், ஐசனோவர் பெலோஷிப்பே 1953இல் பிலடெல்பியா வியாபாரிகள் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்குப் பிறந்தநாள் பரிசாகத் தொடங்கியதுதான். பெயர் போடுவது நியாயம், எவ்வளவு போடுவது என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரைக் கட்டுநாயக்காவில் பதாகையோடு நிற்கச் சொன்னார்கள். பதாகை வந்த வாகனம் நெரிசலில் நின்றுவிட்டது, மனுசன் பெட்டியும் கையுமாக வாசலில் வியர்த்துக்கொண்டு நின்று, கடைசியில் ஓடிப்போய்த்தான் விமானம் ஏறினார். திரும்பி வந்தபின் ஒரு பேச்சு, ஒரு படம், ஆண்டறிக்கையில் ஒரு வரி. இதற்கு மேல் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். முக்கியமாக, உங்கள் பயனாளிகளின் முகங்கள் உங்கள் அனுசரணைக்கு விலையாகப் போகக்கூடாது.

கேள்வி: சனசமூக நிலையத்தில் சம்பளமில்லாமல் ஆறு வருடம். அது அனுபவமாகக் கணக்கில் வருமா?

செவனிங்குக்கு வரும். 2,800 மணித்தியாலம் கேட்கிறார்கள், தொண்டு வேலையும் சேரும். ஆனால் படித்து முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும், அதை மறந்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டாம்.

கேள்வி: ரொறன்ரோவில் மாமாவுக்குக் கடை இருக்கிறது. அவருடைய கொம்பனி பெயரில் அனுசரணைக் கடிதம் எடுத்து, காசை என் வங்கிக் கணக்கில் போடலாமா?

உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு சதமும் விழக்கூடாது, மாமாவின் காசு என்றாலும் அமைப்பின் கணக்கு, அமைப்பின் பற்றுச்சீட்டு, கணக்காய்வில் அதற்கென்று ஒரு வரி. கடிதத்தைப் பொறுத்தவரை, விசா அதிகாரிக்கு உறவினர் கடைக் கடிதம் என்றால் நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்றுதான் படும். மாமா கட்டாயம் உதவ வேண்டும் என்று நின்றால் உங்கள் பதில் ஆளின் முதல் மூன்று மாதச் சம்பளத்தை அமைப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள்.