நிலாவைப் படமெடுக்கப் பௌர்ணமி வேண்டாம்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறேன். புதிதாக வாங்கிய 130 மி.மீ. தொலைநோக்கியை மொட்டைமாடியில் வைத்து, பௌர்ணமியன்று அலைபேசியில் படமெடுத்தேன். நிலா வெறும் வெள்ளைத் தட்டாகவே விழுந்தது. ஊர் வெளிச்சம்தான் காரணமா? மலைப்பக்கம் போக வேண்டுமா?

பதில்: போக வேண்டியதில்லை. வெயில் காயும் பாறைத் தரையைத்தான் நீங்கள் படமெடுக்கிறீர்கள். அந்த ஒளிக்கு முன் தெருவிளக்கு ஒரு பொருட்டே அன்று. பிழை, நீங்கள் தேர்ந்த நாளில் இருக்கிறது. பௌர்ணமியன்று சூரிய ஒளி ஏறக்குறைய நம் முதுகுப்பக்கமிருந்து நிலாவில் நேராக விழுவதால் நமக்கு நிழல் தெரிவதில்லை. நிழல் இல்லாத இடத்தில் மேடும் பள்ளமும் தெரியா. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய மாலைகளில் நிலா உச்சிவானில் நிற்கும். அதன் பகலும் இரவும் சந்திக்கும் விளிம்பில் குழிகள் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். நவமி, தசமியில் 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் குழியைத் தேடிப் பாருங்கள்: வட்டக் கரை மட்டும் பளிச்சென்றிருக்க, உள்ளே பாதிக்கு மை ஊற்றியதுபோல இருள் தேங்கியிருக்கும். இதைக் காணும் எவரும் பௌர்ணமிப் படத்துக்குத் திரும்பமாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

மொட்டைமாடியையும் மாற்றுங்கள். பகலெல்லாம் சூடேறிய தளத்திலிருந்து இரவில் எழும் அனலில் நிலாவின் விளிம்பு நீருக்கடியில் இருப்பதுபோல நெளியும். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைக்குன்றுகளும் அவ்வாறே அனலை வெளிவிடுபவை. மண்தரையோ தோட்டமோ நல்லது. கருவியை அரைமணி நேரம் முன்பே வெளியில் வைத்து ஆறவிடுங்கள்.

அலைபேசியைக் கையில் பிடிக்காமல், ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைக்குழலில்) பொருத்தும் தாங்கியில் வையுங்கள். முதலில் 25 மி.மீ. ஐபீஸ் போதும். கேமராவில் அளவுகளை நாமே அமைக்கும் 'புரோ' வசதி இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/125 நொடி என்று தொடங்கி, நிலாவின் ஒளிமிக்க பகுதியில் விவரம் தெரியும்வரை ஷட்டரை மாற்றுங்கள். அந்த வசதி இல்லையெனில், திரையில் நிலாவை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். படம் சற்று இருண்டிருப்பது பிழையன்று. வெளுத்துப்போன இடத்தைத்தான் பிறகு மீட்க முடியாது. விரல் பட்டாலே கருவி அதிரும் என்பதால் டைமர் வைத்தே எடுங்கள்.

தொலைநோக்கிக்குத் தானே நகரும் தாங்கி இல்லாவிட்டால் பூமியின் சுழற்சியால் இரண்டு நிமிடத்தில் நிலா தன் அகலத்தளவு நகர்ந்துவிடும். ஆகவே பார்வைப் புலத்தின் ஓரத்தில் அதை நிறுத்தி, அது கடந்து செல்வதை ஒரு நிமிடம் காணொளியாக எடுங்கள். ஆட்டோஸ்டாக்கர்ட் என்னும் இலவச மென்பொருள், காற்று அசையாதிருந்த நொடிகளின் தெளிவான சட்டகங்களை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும்.