பதிமுகச் சாயம் ஊதாவாகிப்போனால்

அண்ணாச்சி, கால் கிலோ பருத்தி நூலுக்குக் கடுக்காயும் படிகாரமும் ஏற்றி, போர் தண்ணீரில் பதிமுகம் என்ற சிவப்புச் சாயக் கட்டையைக் காய்ச்சி முக்கியதில் சிவப்புக்குப் பதில் கருத்த ஊதா வந்திருக்கிறது என்கிறீர்கள். கட்டையைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீரோ சட்டியோதான்.

ஓர் இழையை நறுக்கி எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். சட்டென்று ஆரஞ்சாக மாறினால் தண்ணீரின் காரத்தன்மை, அல்லது நூலில் தங்கிய சலவைச் சோடா. ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு அலசினால் சிவப்பு திரும்பும். கருமை அப்படியே நின்றால் இரும்பு. கடுக்காய்த் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் மைதான். இருப்புச்சட்டி, துருப்பிடித்த வாளி எதுவும் போதும். அந்த நூலை மீட்கப் பார்க்காதீர்கள், சேலைக் கரை நெய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை தாமிரபரணித் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர், எவர்சில்வர் பாத்திரம். சோடாவில் வேகவைத்த நூலை விரலில் வழுவழுப்பு போகும்வரை அலசுங்கள். கடுக்காய்த் தூள் 50 கிராம், ஓர் இரவு. பிழிந்து, படிகாரம் 40 கிராம் கரைத்த வெந்நீரில் இன்னோர் இரவு. பதிமுகச் சீவல் 250 கிராமை முந்தின நாளே ஊறப்போட்டு, ஒரு மணி நேரம் காய்ச்சி வடிகட்டுங்கள். அதில் நூலைக் கொதிக்கவிடாமல் முக்கால் மணி நேரம் புரட்டுங்கள்.

துவைக்கப் பூந்திக்கொட்டைதான்; சோப்பு பட்டால் மறுபடி ஊதா. இந்தச் சிவப்பு வெயில் தாங்காது. நம்மூர் வெயிலில் உடுத்தும் சேலைக்கென்றால் மஞ்சிட்டி வேரின் சிவப்பே மேல்.