கோழிப் பொரிப்புக்கு மயோனைஸ்: எந்த பாக்கெட் வாங்குவது?

கேள்வி: கோழி பொரிக்கும்போது முட்டைக்குப் பதில் மயோனைஸ் புரட்டினால் கறி மெத்தென்று இருக்கும் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். மார்த்தாண்டத்தில் கடைக்குப் போனால் முட்டை சேர்த்தது, சேர்க்காதது, லைட், தந்தூரி என்று அலமாரி நிறைய இருக்கிறது. எதை வாங்க? இது அரசு தடை செய்த சாமான்தானே?
- வாசகி, தக்கலை

பதில்: மகன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மயோனைஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். முட்டையும் வினிகரும் சேர்த்து அடித்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். துண்டில் புரட்டினால் மசாலாவைப் பிடித்து வைக்கும், மேலே தூவுகிற மாவும் உதிராது. ஆனால் சூடு பட்டதும் அது பிரிந்து எண்ணெயாகிவிடும். பொரித்த பிறகு அதன் ருசி தனியாகத் தெரியாது. அதனால் தந்தூரி, பெரிபெரி வாசனைக்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் மணக்கிற சட்டியில் அதை யார் தேடப்போகிறார்கள்?

பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். எண்ணெய் முதலில் இருப்பதை எடுங்கள். லைட் வகைகளில் பெரும்பாலும் தண்ணீர் முன்னால் நிற்கும். அப்படி ஒன்றைப் புரட்டிச் சட்டியில் போட்டு, படபடவென்று தெறித்து, முழங்கை வரை கொப்புளம் வாங்கியவள் நான். காய்கறித் துணுக்கு போட்ட சாண்ட்விச் ஸ்ப்ரெட்டும் வேண்டாம், கருகும். பச்சை வட்டம் போட்டது முட்டை இல்லாதது, பழுப்பு முக்கோணம் போட்டது முட்டை சேர்ந்தது. பொரிப்புக்கு இரண்டும் ஆகும்.

அரை கிலோ கோழிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். கூடினால் மாவு வழுகிப் பிரிந்து அடியில் கரியாகி, எண்ணெயையும் கெடுத்துவிடும். உப்பும் சர்க்கரையும் அதிலேயே உண்டு. மசாலாவில் உப்பைக் குறையுங்கள், தீயை மிதமாக வையுங்கள். இல்லையென்றால் மேலே சிவந்துவிடும், எலும்போரம் வேகாமல் நிற்கும்.

மாதம் ஒருமுறை பொரிக்கிற வீடென்றால் சிறிய பாக்கெட்டுக்கு மேல் வாங்காதீர்கள். பிரித்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். மனதில் பட்டதைச் சொல்கிறேனே: இரண்டு கரண்டி தயிரும் ஒரு முட்டையும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், செலவும் குறைவு.

தடை வந்தது பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு மட்டும். 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு தமிழக அரசு அதை விதித்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2023 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. முட்டை சேர்க்காத பாக்கெட்டுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை.

கேள்வி: நாகர்கோவிலில் அல்ஃபாம் என்கிற சுட்ட கோழி பார்சல் வாங்கினோம். மயோனைஸ் கடையிலேயே அடித்ததாம். ராத்திரி முழுக்க மேசையில் இருந்த மீதியைக் காலையில் கோழியில் புரட்டிப் பொரிக்கலாமா? எண்ணெயில் கிருமி செத்துவிடும்தானே?
- வாசகர், வடசேரி

பதில்: கொட்டிவிடுங்கள். சால்மொனெல்லா கிருமி சூட்டில் சாகும், உண்மைதான். ஆனால் வெளியிலேயே கிடந்த உணவில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்து விஷத்தை விட்டிருந்தால், அந்த விஷம் பொரித்தாலும் போகாது. புரட்டிய கை, பாத்திரம், வெட்டுப்பலகை எல்லாவற்றிலும் கிருமி ஒட்டுவது வேறு கதை.

அடுத்த முறை பார்சல் கட்டும்போதே, "மயோனைஸ் பாக்கெட்டா, இங்கே அடிச்சதா?" என்று கேளுங்கள். பச்சை முட்டை போட்டது என்று தெரிந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் புகார் அனுப்பலாம். பில்லையும், கடைச் சுவரில் மாட்டியிருக்கும் 14 இலக்க உரிம எண்ணையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். பில் தராத கடை என்றால் அதையும் புகாரில் ஒரு வரியாக எழுதுங்கள்.