வடைக்கு யார் காசு கொடுத்தது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறந்ததும் வாசிப்பு மன்றம் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், 35 நிமிடம். ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தேன். தலைவர், சுருக்கம் சொல்பவர், சொல் தேடுபவர், படம் வரைபவர் என்று ஆளுக்கொரு வேலை. அதற்கான தாளும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் நன்றாக நடந்தது. அப்புறம் ஒருவர் தாளைப் பார்த்து மற்றவர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

போன வாரம் விமர்சன நோட்டுகளைத் திருத்தினேன். ஏறக்குறைய எல்லா நோட்டிலும் ஒரே வரி: "இந்தக் கதை மிகவும் நன்றாக இருந்தது. இதிலிருந்து பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டேன்." அந்தக் கதையில் யாரும் பொய்யே சொல்லவில்லை ஐயா.

ஏழெட்டுப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். விளையாட்டு வைத்தால் சத்தம் என்று பக்கத்து வகுப்பில் வருத்தம். இதனால் மதிப்பெண் கூடுமா என்று தலைமையாசிரியர் கேட்கிறார். ஒரு பையனின் அம்மா வந்து, "தமிழ்க் கதை படிச்சு என்ன டீச்சர் ஆகப்போகுது? இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். நீங்கள் செம்பூரில் சனிக்கிழமைகளில் வாசிப்பு வட்டம் நடத்துவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதை நான் நிறுத்திவிடலாமா, வேறு மாதிரி நடத்தலாமா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை, தாராவி

*

அன்புள்ள டீச்சருக்கு,

நிறுத்தாதீர்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், வீட்டுக்குப் போகும் நினைப்பில் இருக்கும் 34 பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதைப் புத்தகத்தைத் திறக்கும் ஓர் ஆசிரியை இந்த ஊரில் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்து திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த "பொய் சொல்லக் கூடாது" வரியிலிருந்து தொடங்குகிறேன். அது பிள்ளைகளின் சோம்பேறித்தனம் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் "இக்கதை உணர்த்தும் கருத்து யாது?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை நம்மிடம் முன்பே இருக்கிறது, நாம் எதிர்பார்ப்பது அதைத்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எந்தக் கதையானாலும் மூன்று நான்கு விடைகளில் ஒன்று பொருந்திவிடும் என்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த வாரம் பொய், அடுத்த வாரம் ஒற்றுமை.

எங்கள் வட்டத்திலும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் போனது. அதை மாற்றியது ஒரு சிறுமி.

அன்று மழை. பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். புதுப் புத்தகங்கள் வந்து சேரவில்லை. சரி, எல்லோருக்கும் தெரிந்த கதையையே பேசுவோம் என்று பாட்டி வடை சுட்ட கதையைச் சொன்னேன். காகம், நரி, பாட்டு, வடை. முடித்ததும் வழக்கமான கேள்வி வாய்வரை வந்தது. என்னவோ தோன்றி, "இந்தக் கதையில் உங்களுக்கு எது புரியவில்லை?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இது என்ன கேள்வி, ரெண்டாங்கிளாஸ் கதைதானே என்று ஒரு பையன் சிரித்தான். அப்புறம் பின்வரிசையிலிருந்து அந்தச் சிறுமி மெதுவாகக் கேட்டாள்: "பாட்டிக்கு அந்த வடைக்கு யாரு சார் காசு குடுத்தா?"

அவள் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு ஆட்டி இட்லியும் வடையும் போடுகிறவர். அப்பா அதைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி சைக்கிளில் கொண்டுபோய் விற்பார். ஒரு வடை போனால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் தெரியும். ஐம்பது வயது வரை அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பாட்டியின் நஷ்டம் ஒரு முறைகூட என் நினைவுக்கு வந்ததில்லை.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நான் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கிலோ உளுந்துக்கு எத்தனை வடை வரும் என்று சண்டை. "அம்மா அறுபது போடுவாங்க" என்றாள் அவள். எண்ணெய் விலையை ஒருவன் சொன்னான். காகம் திருடியதா, இல்லை பசியில் எடுத்ததா என்று இரண்டு கட்சியானார்கள். பாட்டி எதற்குத் தனியாக மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று இன்னொரு குரல். மறு வாரம் அந்தச் சிறுமி கேட்காமலே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மறுநாள் பாட்டி ஒரு வடை கூடுதலாகச் சுட்டு, அதைக் காகத்துக்கென்று தனியாக வைக்கிறாள். எழுத்துப்பிழை நிறைய. நான் ஒன்றையும் திருத்தவில்லை, அப்படியே சத்தமாக வாசித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு விதி. எனக்கு விடை தெரிந்த கேள்வியை நான் கேட்பதில்லை. நீங்களும் ஒரு மாதம் இதை மட்டும் செய்து பாருங்கள். "எது புரியல?", "எந்த இடத்துல நிறுத்தினீங்க?", "யார் மேல கோபம் வந்துச்சு?" இவை போதும். அவர்கள் வீட்டுத் தமிழிலேயே பேசட்டும், நடுவில் இந்தி வந்தாலும் வரட்டும். நல்ல தமிழில் சொல்லு என்று நாம் திருத்திய மறு நிமிடம் பாதிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். எழுதுகிற தமிழ் பிறகு வரும், சொல்ல ஏதாவது இருந்தால்.

தலைவர், படம் வரைபவர் என்று வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தத் தாள்களைத் தயங்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். இந்த முறையைப் பள்ளிகளில் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ். 1994இல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்தத் தாள்கள் இருந்தன. 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவரே, தாள்கள் பேச்சை இயந்திரத்தனமாக்கிவிடுகின்றன, ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள் என்று எச்சரித்தார். பயிற்சிகளில் தாள் மட்டும் வந்து சேர்கிறது, எச்சரிக்கை வருவதில்லை. தாளுக்குப் பதில் ஆளுக்கு மூன்று துண்டுக் காகிதம் கொடுங்கள். படிக்கும்போது நின்ற இடத்தில் செருகி வைக்கட்டும். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்து ஏன் நின்றோம் என்று சொன்னால் போதும். அதோடு, 34 பேரையும் ஒரே நேரத்தில் பேசவைக்க முயலாதீர்கள். ஒரு வாரம் பத்துப் பன்னிரண்டு பேர் உங்களைச் சுற்றி உட்காரட்டும், மற்றவர்கள் பிடித்ததை அமைதியாகப் படிக்கட்டும். அடுத்த வாரம் அடுத்த கூட்டம்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் அந்த ஏழெட்டுப் பேர்தான் என் மனதில் நிற்கிறார்கள். அவர்களைத் தனிக் குழுவாக்காதீர்கள், அது வகுப்பு முழுக்கத் தெரிந்த அவமானமாகிவிடும். பேசுவதற்கான கதையை நீங்களே சத்தமாக வாசித்துவிட்டால் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகப் பேசுவார்கள். பாட்டியைப் பற்றிக் கேட்ட சிறுமிக்கும் அப்போது சரளமாகப் படிக்க வராது. படிக்கும் பழக்கத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஆளுக்கு ஒரு படப் புத்தகம் கொடுத்து, "அடுத்த வியாழன் ஒன்றாம் வகுப்புக் குட்டிகளுக்கு நீ வாசிக்கணும்" என்று சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பையன் குழந்தைப் புத்தகம் படிக்க வெட்கப்படுவான். சின்னப் பிள்ளைகளுக்காக என்றால் வெட்கம் போய்விடும், வீட்டில் பத்துத் தடவை வாசித்துப் பார்ப்பான். புத்தகத்துக்குக் காசு தேட வேண்டாம். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கிப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், தடையில்லை.

இனி விளையாட்டு. மும்பைப் பிள்ளைகளோடு நான் அதிகம் ஆடுவது ஸ்டேஷன் விளையாட்டு. சென்ட்ரல் லைன் ஸ்டேஷன் பெயர்களை ஆளுக்கொன்று தமிழில் சீட்டில் எழுதி மடித்துப் போட வேண்டும். இன்னொருவர் எடுத்து, எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். ஒருநாள் பரேலும் பைகுல்லாவும் அடுத்தடுத்து வந்தன. "சார், ரெண்டுக்கும் ப போட்டிருக்கான், தப்பு" என்றான் ஒருவன். மராத்தியில் இந்த இரண்டு ஒலிக்கும் வேறு வேறு எழுத்து. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் பதில் சொல்லாமல் பலகையில் 'பம்பரம்' என்று எழுதி மெதுவாக வாசிக்கச் சொன்னேன். இரண்டு முறை வாசித்தான். மூன்றாவது முறை நிறுத்திவிட்டு, "முதல் ப வேற, ரெண்டாவது ப வேற!" என்று கத்தினான். எழுத்து ஒன்றுதான், மகரத்துக்குப் பின்னால் வரும்போது ஒலி மாறுகிறது. இத்தனை நாளும் யாரும் சொல்லித்தராமலே அதைச் சரியாக வாசித்திருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சங்கு, பந்து, வண்டி என்று அவர்களே தேடிக்கொண்டு வந்தார்கள்.

இதே விளையாட்டில் ளகரமும் சிக்கியது. தெருவெல்லாம் இந்தி கேட்டு வளர்வதால் நம் பிள்ளைகளுக்கு ள நழுவிவிடுகிறது. "நாளைக்குப் பல்லிக்கு லீவு" என்று எழுதிக் கொண்டுவருவார்கள். ஆனால் ஸ்டேஷன் பலகையில் மராத்தியில் இருப்பது பரள், பாய்களா. இரண்டிலும் நம் ளகரம்தான் ஒலிக்கிறது. மராத்தி வகுப்பில் அதைச் சரியாகச் சொல்லும் பிள்ளை, தமிழிலும் அதே ஒலிதான் என்று தெரிந்ததும் பிடித்துக்கொள்கிறது. உங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கும் சயான் ஸ்டேஷனுக்கு மராத்தியில் சீவ் என்று பெயர், எல்லை என்று பொருள். பழைய மும்பைத் தீவின் எல்லை அதுதான். அதையும் சொல்லுங்கள், தங்கள் இடத்துக்கு ஒரு கதை இருக்கிறது என்று தெரியட்டும். சத்தம் பிரச்சினையென்றால் சீட்டு விளையாட்டை வெள்ளிக்கிழமையில் வைக்காமல், மதியச் சாப்பாடு முடிந்த பத்து நிமிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல் தொடங்கும் அந்தாதி விளையாட்டை எழுத்திலேயே ஆடலாம், ஒரு தாள் வரிசையாகக் கைமாறினால் போதும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். புத்தகங்கள் எங்கே இருக்கின்றன? பீரோவில் பூட்டியிருந்தால் தயவுசெய்து வெளியே எடுங்கள். நான் போன பல பள்ளிகளில் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் சாவி ஒருவர் இடுப்பிலேயே இருக்கிறது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அவர் அங்கே விவரிக்கிறார். ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் கயிறு கட்டித் துணி காயப்போடுவது போலத் தொங்கவிடுங்கள், அட்டை தெரிய வேண்டும். இரவல் நோட்டைப் பிள்ளைகளில் இருவரிடமே கொடுத்துவிடுங்கள். சில கிழியும், சில திரும்பி வராது. இருப்புப் பதிவேட்டில் படித்துக் கிழிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட தலைமையாசிரியரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் மதிப்பெண்ணைப் பற்றி வாதாட வேண்டாம். இந்த வாரம் அந்த ஏழெட்டுப் பேரும் ஒரு நிமிடம் வாசிப்பதை போனில் பதிவு செய்யுங்கள். டிசம்பரில் அதே பக்கத்தைத் திரும்பப் பதிவு செய்து இரண்டையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவரையும் வட்டத்தில் உட்கார அழையுங்கள்.

அந்த அம்மாவின் கேள்வி வேறு. அதில் பயம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். பிள்ளை தமிழில் படித்து நாளைக்கு வேலையில்லாமல் நிற்குமோ என்று தினமும் கணக்குப் போடுகிற வீடுகள் அவை. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது, எட்டு வரை என்றால் இன்னும் நல்லது, தாய்மொழியில் படிக்கட்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் கொள்கையைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. நான் அவர் இடத்துக்குப் போய் இப்படிச் சொல்வேன்: "இங்கிலீஷ் வரணும்னுதான்மா எனக்கும் ஆசை. படிச்சதைப் புரிஞ்சுக்கறது, அதுல கேள்வி கேக்கறது, இதை அவன் ஒரு பாஷையில பழகிட்டா இன்னொரு பாஷையில முதல்லேர்ந்து பழக வேண்டாம். அவனுக்கு இப்ப நல்லாப் புரியற பாஷை உங்ககிட்ட பேசறதுதான்." அப்புறம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, ராத்திரி உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்பேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தாலும் கேட்கலாமே.

உங்களுக்காக ஒரு பெட்டிப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் படப் புத்தகங்கள், கொஞ்சம் விடுகதைத் தொகுப்பு. சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் வந்தால் வட்டத்தையும் பார்த்துவிட்டு எடுத்துப் போகலாம், முடியாவிட்டால் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். வருகிற வெள்ளி உங்கள் வகுப்பில் அந்த வடைக் கதையைச் சொல்லிவிட்டு, எது புரியவில்லை என்று கேளுங்கள். முதலில் வந்த மூன்று கேள்விகளை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.